நாற்பதாம் பக்கத்தில் திரும்பி வந்த விண்கலம்

கேள்வி: விண்கலங்களும் போர்களும் துரத்தல்களும் நிறைந்த ஆங்கில நாவல்கள் என்றால் எனக்கு உயிர். ‘இந்த வயதில் இதென்ன சின்னப்பிள்ளைத்தனம்’ என்று சிரிக்கும் நண்பருக்கு வெர்னர் வின்ஜின் ‘எ ஃபயர் அப்பான் த டீப்’ நாவலைக் கொடுத்தேன். துப்பறியும் கதைகளையே படிப்பவர் அவர். நாற்பதாம் பக்கத்தில் வைத்த அடையாளச் சீட்டுடன் திருப்பித் தந்துவிட்டார். இப்போது பணி ஓய்வு பெற்ற என் மாமனாரும் கேட்கிறார். எதைக் கொடுப்பது?

பதில்: உங்கள் ரசனையிலும் குறையில்லை, அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருதை 1993-இல் பெற்ற அந்த நாவலிலும் குறையில்லை, ஆளுக்கும் புத்தகத்துக்கும்தான் பொருத்தம் அமையவில்லை. அதில் நாய் போன்ற உயிரினங்கள் நான்கைந்து சேர்ந்தால்தான் ஒரு மனம், ஓர் ஆள். வின்ஜ் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. படிக்கப் படிக்க நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். இவ்வகைக் கதைகளில் ஊறிய நமக்கு அந்தத் தடுமாற்றமே சுவை. புதியவருக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும்.

கேலியைப் பொருட்படுத்த வேண்டாம். இவ்வகைக் கதைகளுக்கு வழங்கும் ‘ஸ்பேஸ் ஓப்பரா’ என்ற பெயரே, அரைத்த மாவை அரைக்கும் விண்கலக் கதைகளை இகழ்வதற்காக 1941-இல் எழுத்தாளர் வில்சன் டக்கர் சூட்டியதுதான்.

நண்பருக்கு ‘லெவயதன் வேக்ஸ்’ கொடுங்கள். டேனியல் ஆபிரகாமும் டை ஃபிராங்கும் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் சேர்ந்து எழுதிய இந்நாவல் 2011-இல் வெளிவந்தது. சீரிஸ் என்ற குறுங்கோளில் காணாமற்போன பெண்ணைத் தேடும் மில்லர் என்ற களைத்துப்போன துப்பறிவாளரின் கதையும், சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் கப்பல் ஊழியர்களின் கதையும் மாறி மாறி வருவதால், உங்கள் நண்பர் தமக்குப் பழக்கமான வாசல் வழியாகவே விண்வெளிக்குள் நுழைந்துவிடுவார். சண்டைக் காட்சிகளோ உடம்பில் உறைப்பவை. இயந்திரம் கப்பலை உந்தும்வரைதான் உடலுக்கு எடையும் காலடியில் தரையும் உண்டு என்பதால், கப்பலின் தளங்கள் அடுக்குமாடிக் கட்டடம்போல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. பாதி வழியில் கப்பலையே திருப்பி, அதே இயந்திரத்தை எதிர்த்திசையில் உந்தவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். துரத்தலின் வேகத்தில் தன் எடையே தன்னை நசுக்கும்போது, மனிதன் மயங்கிவிடாதபடி இருக்கையே ஊசி வழியாக மருந்தை ஏற்றுகிறது. ஏவுகணை வருமுன்பே நமக்கு மூச்சு முட்டும். இத்தொடர் 2021 வரை ஒன்பது நாவல்களாக நீண்டது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அந்தப் பெண் என்னவானாள் என்பதற்கு முதல் நாவலிலேயே விடை இருக்கிறது.

மாமனாருக்கு ஜான் ஸ்கால்ஸியின் ‘ஓல்ட் மேன்ஸ் வார்’ (2005). எழுபத்தைந்தாம் பிறந்தநாளில் மனைவியின் கல்லறைக்குப் போய்விட்டு, அப்படியே படையில் சேரும் ஒரு முதியவரின் கதை. சேர்ந்தால் பூமிக்குத் திரும்ப முடியாது. ஆனால் போர் செய்யப் புது உடல் கிடைக்கும். நடை எளியது, நகைச்சுவை தாராளம். புது உடல் கிடைத்ததும் அந்தக் கிழவர்களும் கிழவிகளும் அடிக்கும் கூத்து சற்று நெளியவைக்கும் என்பதால், அந்த அத்தியாயம் எப்படி இருந்தது என்று மட்டும் மாமனாரிடம் கேட்டுவிடாதீர்கள்.