சிங்கப்பூரின் கிராஞ்சி வட்டாரப் பண்ணை நிலத்தில் சேமிப்புக் கிடங்கு வைக்க ஏன் திட்ட அனுமதி வேண்டும்?

திட்ட அனுமதி என்றால், ஓர் இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அரசு பார்த்து ஒப்புக்கொள்வது. சிங்கப்பூரில் அதைத் தருவது நகர மறுசீரமைப்பு ஆணையம். அதன் பெருந்திட்டம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பயன்பாட்டை ஒதுக்கியிருக்கிறது. பண்ணை நிலம் விவசாயத்துக்கு. பொருள்களை வைக்க அறை அறையாக வாடகைக்கு விடும் இத்தகைய கிடங்குகள் பெரும்பாலும் தொழிற்பேட்டைக் கட்டடங்களில்தான் இருக்கின்றன. படுக்கையறையில் அடுப்பு வைத்தால் வீடு முழுக்கப் புகையும் அல்லவா, நிலத்திலும் அப்படித்தான். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் நாள் முழுக்க லாரி வந்து போனால் குறுகலான பண்ணைச் சாலை தாங்காது.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட முக்கியம் தீப் பாதுகாப்பு. வரிசையாகத் தகர அறைகள், எல்லாவற்றிலும் பூட்டு. உள்ளே பழைய சோபாவா, பெயின்ட் டின்னா என்று தீயணைப்பாளருக்குத் தெரியாது. 2016 ஜூனில் ஹாங்காங்கில் இப்படியொரு கிடங்கில் பிடித்த தீ நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. இரண்டு தீயணைப்பாளர்கள் உயிரிழந்தார்கள். வழி எவ்வளவு அகலம், தண்ணீர் எட்டுமா என்று முன்கூட்டியே பார்ப்பது இதற்காகத்தான்.

பலர் நினைப்பதுபோல் இந்த அனுமதியை நகர மன்றம் தருவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பதுதான் அதன் வேலை.