ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது சர்வீஸ் அல்ல

கேள்வி: மதுரையில் மூன்று மாடி ஜவுளிக்கடை நடத்துகிறோம். மொட்டை மாடியில் தலா 11 டன் டக்டபிள் ஏ.சி.க்கான (காற்றுக்குழாய் வழியாகக் குளிர்விப்பது) அவுட்டோர்கள், அதாவது வெளி யூனிட்டுகள், நான்கு இருக்கின்றன. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சித்திரை, வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கடை குளிர்வதே இல்லை. கரண்ட் பில் மட்டும் ஏறுகிறது. சர்வீஸுக்கு வருபவர் ஒவ்வொரு ஆண்டும் கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறார். இப்போது மெஷினையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: உடனே மாற்ற வேண்டாம். மதியத்தில் தடுமாறுகிறது, ஆண்டுதோறும் கேஸ் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் வயதின் மேல் போட்டுவிட முடியாது.

மதியத்தை முதலில் பார்ப்போம். கடைக்குள் எடுத்த வெப்பத்தை அவுட்டோர் மாடிக் காற்றில்தான் கொட்டியாக வேண்டும். அந்தக் காற்றே சூடாக இருந்தால், கேஸைத் திரவமாக்க கம்ப்ரஸர் இன்னும் அதிக அழுத்தத்துக்குப் போக வேண்டும். கேஸ் திரவமாகும் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும். கிடைக்கும் குளிர்ச்சியும் குறையும்.

வெளியே 39 டிகிரி என்றால், உங்கள் அவுட்டோருக்குள் போகும் காற்றும் 39 டிகிரிதானா? ஜவுளிக்கடை மாடிகளில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டித் தெருவைப் பார்த்து பெரிய விளம்பரப் பலகை நிற்கும். அதன் பின்னால் அவுட்டோர்களை நெருக்கி வைத்திருப்பார்கள். வெளியே தள்ளிய சூடான காற்று பலகையில் முட்டித் திரும்பி அதே மெஷினுக்குள் போகும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை மாடியில் காற்றோட்டமான நிழலில் வைத்துப் பாருங்கள். பிறகு அதையே அவுட்டோர் காற்றை உறிஞ்சும் பக்கம் வையுங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் போனால் அங்கேதான் பணம் போகிறது. ஆறு டிகிரி என்றால் மின்செலவில் 12 முதல் 18 சதவீதம் வரை.

பலகையின் கீழ்ப்பகுதியைத் திறந்துவிடலாம், அவுட்டோரைச் சற்றுத் தள்ளி வைக்கலாம், சூடான காற்று பலகையைத் தாண்டிப் போகும்படி தகரத்தில் ஒரு திருப்பி செய்து மாட்டலாம். வெயில் படுகிறதே என்று அவுட்டோருக்கு மேல் தாழ்வாக ஷீட் மட்டும் போட்டுவிடாதீர்கள். மெஷின் இழுக்கும் காற்றின் அளவோடு பார்த்தால் நிழலால் கிடைக்கும் லாபம் அற்பம். மேல் பக்கம் காற்றை விடும் மாடலாக இருந்தால் அந்த ஷீட்டே அடைப்பாகிவிடும்.

அடுத்தது காயில். அவுட்டோரில் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர் காயிலின் வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் தகடுகளுக்கு நடுவே தூசி பாய் விரித்ததுபோல் படிந்திருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக, தகடுகள் வளையாத அளவு அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். கார் கழுவும் பிரஷர் வாஷரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம், அலுமினியம் தாங்காது. உப்புள்ள போர் தண்ணீரையும் தவிர்த்துவிடுங்கள். கோடையில் காயில் மேல் போர் தண்ணீரைத் தெளிக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. சில நாள் நன்றாகக் குளிரும். பிறகு உப்புப் படலம் ஏறி, எந்தச் சர்வீஸிலும் போகாத நிலைக்குக் காயில் வந்துவிடும். மாசி முடிவதற்குள் ஒரு முழுச் சுத்தம், கோடை நடுவில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேஸ். ஏ.சி.யில் கேஸ் செலவாகும் பொருளே அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றி வருகிறது. குறைந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் ஏற்றுவதற்குச் சர்வீஸ் என்று பெயர் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. நைட்ரஜன் அழுத்தத்தில் சோப்பு நுரை வைத்துக் கசிவைத் தேடி, அந்த இடத்தைப் பற்றவைத்து அடைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை வேக்குவம் பம்பால் 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இழுத்து, மெஷினின் பெயர்த்தகட்டில் எழுதியிருக்கும் கேஸ் எடையைத் தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். குழாயைத் தொட்டுப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் அளவு கூடிப்போகலாம். அதுவும் அழுத்தத்தையும் ஆம்ஸையும் (இழுக்கும் மின்னோட்டம்) ஏற்றிவிடும்.

கடைக்குள் உங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: துணிப் பஞ்சு. ஃபில்டரை மாதம் ஒருமுறை என்று சர்வீஸ் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள்; ஜவுளிக்கடைக்கு அது போதாது. வாரம் ஒருமுறை, தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயங்களில் அதற்கும் அடிக்கடி. கடைக்குள் காற்றைத் தள்ளும் புளோயரின் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு டன்னுக்குச் சுமார் 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று போகவில்லை என்றால் எவ்வளவு கேஸ் இருந்தும் பயனில்லை.

மாடியில் போகும் குளிர்க்குழாயின் கறுப்பு ரப்பர் உறை வெயிலில் பொடிந்து, காக்கையும் கொத்தி, பல இடங்களில் செம்பு வெளியே தெரியும். புது உறை போட்டு அதன் மேல் அலுமினியத் தகடு சுற்றிவிடுங்கள். வாசலில் வெளிச்சூட்டைத் தடுக்கக் காற்றைத் திரைபோல் வீசும் ஏர் கர்ட்டன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை 18இல் வைத்தால் சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 24இல் வைத்து மின்விசிறியும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று ஸ்டார் ரேட்டிங் வழங்கும் பி.இ.இ. அமைப்பே சொல்கிறது.

ஏ.சி.க்கு மட்டும் ஒரு தனி சப்-மீட்டர் வையுங்கள். இதையெல்லாம் செய்வதற்கு முன் ஒரு வாரம், செய்த பின் ஒரு வாரம், ஒரே மாதிரி வெயில் நாட்களில் குறித்துப் பாருங்கள். நான்கும் முழுமூச்சில் ஓடினால் மணிக்கு 50 யூனிட் அளவில் இழுக்கும். 10 சதவீதம் குறைந்தாலே மணிக்கு 5 யூனிட்.

மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. மெஷின் ஆர்-22 கேஸில் ஓடி, கம்ப்ரஸரும் போய்விட்டால் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி அந்தக் கேஸ் 2030க்குள் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. அப்போதும் பழைய டன் அளவையே வாங்காதீர்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஹாலோஜன் விளக்குகள் இருந்து இப்போது எல்.இ.டி.க்கு மாறியிருந்தால் கடையின் வெப்பச் சுமை குறைந்திருக்கும். புதிதாகக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி, அதன் பிறகு கொட்டேஷன் கேளுங்கள்.