கத்தர் கேசட்: படப்பாடலா, மேடைப் பதிவா?

நகரி நண்பருக்கு வணக்கம். தங்கள் தந்தையார் வைத்திருந்த, மேலட்டை கிழிந்த, தெலுங்குப் புரட்சிப் பாடகர் கத்தரின் கேசட்டில் உள்ள 'பண்டெனக பண்டி கட்டி' பாடல் திரைப்படத்திலிருந்து எடுத்ததா என்றும், மங்கலாக ஒலிக்கும் அதைக் கணினிக்கு எப்படி மாற்றுவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

அது கத்தர் எழுதிய பாடலன்று. பண்டி யாதகிரி இயற்றியது. கௌதம் கோஷ் இயக்கிய 'மா பூமி' தெலுங்குப் படத்தில் கத்தர் அதைப் பாடித் தோன்றினார். படப் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வரிகளுக்கு நடுவே அவர் பேசுவதும், குழுவினர் எதிர்க்குரல் கொடுப்பதும், கூட்டத்தின் ஆரவாரமும் வந்தால் அது மேடைப் பதிவாகவே இருக்கும்; என் கணிப்பில் அதுவே அரியது. 1997 ஏப்ரலில் அவர் சுடப்பட்டார். முதுகெலும்பருகே ஒரு குண்டு அகற்றப்படாமலே இருந்தது. அதைப் பற்றிப் பேச்சில் குறிப்பிட்டால், பதிவு அதற்குப் பிந்தியது என உறுதியாகும்.

மங்கலுக்கு முதலில் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு கேசட்டில் உதிர்ந்திருந்தாலும் ஒலி இப்படித்தான் மங்கும். அப்போது நாடாவைத் திருகு வைத்த வேறு கூட்டுக்குள் மாற்ற வேண்டும். வெண்பூசணம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். இல்லையெனில், ஹெட்டின் ஓரத்திருகை மெல்லத் திருப்பி, பறையும் சலங்கையும் தெளிவாகக் கேட்கும் நிலையில் நிறுத்தி, 24 பிட் வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்குவதை நகலில் மட்டும் செய்யுங்கள்; மூலக் கோப்பிலேயே செய்தால் கூட்டத்தின் ஒலியும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும்.