கலத்தின் பிடி: கேட்டவையும் சொன்னவையும்

வடமராட்சியில் 30 ஆண்டுகள் உயர்தர உயிரியல் படிப்பித்தவன் நான். உடலின் கலங்கள் (உயிரணுக்கள்) ஒன்றையொன்றும், சுற்றியுள்ள தாயத்தையும், அதாவது கலங்களுக்கு வெளியே பரவியிருக்கும் நார் வலையையும், எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று யாரும் கேட்கலாம் என அறிவித்திருந்தேன். வந்தவற்றில் சில.

சாவகச்சேரி மாணவி: சேர், கலங்கள் செங்கல், கலப்புறத் தாயம் சீமெந்து என்று ரியூசன் குறிப்பில் இருக்கிறது. சரியா?

எனக்கு அந்த உவமை பிடிக்காது, பிள்ளை. சீமெந்து இறுகினால் இறுகியதுதான். கலமோ பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். புண் ஆறும்போது விளிம்பிலுள்ள தோற்கலங்கள் பிடியைத் தளர்த்தி ஊர்ந்து வந்துதான் வெளியை மூடுகின்றன. அயற்கலத்தைப் பிடிக்கும் கை கட்ஹெரின் என்ற புரதம். தாயத்தைப் பிடிக்கும் கை இன்ரெகிரின். இரண்டும் கலத்தின் வெளிப்போர்வையான மென்சவ்வை ஊடுருவி நிற்பவை. உள்நுனி, கலத்துக்குள் சட்டம்போல் நிற்கும் குழியவன்கூட்டில் கட்டப்பட்டிருக்கும். மென்சவ்வு எண்ணெய்ப் படலம் போன்றது. அதில் மட்டும் கொளுவியிருந்தால் இழுத்த இழுப்பில் கழன்று வந்துவிடும்.

குருநகர் வாசகர்: கடலட்டைப் பண்ணை வைத்திருக்கிறேன். அட்டையைத் தொட்டால் விறைக்கிறது. கனநேரம் கையில் வைத்து உரசினால் தோல் கூழாகிவிடுகிறது. ஏன்?

தம்பி, பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். அட்டைத் தோலின் பெரும்பகுதி கலமே அல்ல. கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் நிறைந்த தாயம். தசையை எலும்போடு கட்டும் நம் தசைநாணிலும் கொலாஜன்தான் இருக்கிறது, ஆனால் நினைத்த நேரத்தில் அதை விறைக்கவோ இளக்கவோ நம்மால் முடியாது. அட்டையால் முடியும். நரம்பு தூண்டியதும் தோலிலுள்ள சில கலங்கள் ஒருவகைப் புரதத்தை வெளிவிடுகின்றன. நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து தோல் விறைக்கிறது. பிணைப்பு விட்டதும் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தோல் இளகுகிறது. இதெல்லாம் நிமிடக் கணக்கில், சிலவேளை செக்கன் கணக்கில் நடந்துவிடும். தும்புக் கயிற்றை நினைத்துப் பாருங்கள். முறுக்கை அவிழ்த்தால் கயிறு போய்விடும், தும்பு ஒன்றும் அறுந்திருக்காது. ஆனால் அளவுக்கு மீறி வதைத்தால் இளகிய தோல் மீளாது. அட்டையின் சொந்த நொதியங்களே, அதாவது புரதங்களை வெட்டும் பொருள்களே, தாயத்தைச் சிதைக்கத் தொடங்கிவிடும். நீங்கள் கண்ட கூழ் அதுதான்.

கோண்டாவில் வாசகி: ஆட்டிறைச்சிக் கறிக்குப் பப்பாசிக்காய் போடுகிறோமே, அதுவும் இந்தக் கதைதானா?

கிட்டத்தட்ட, அக்கா. பப்பாசிப் பாலிலுள்ள பப்பெயின் என்ற நொதியம் தசைப் புரதத்தையும் கொலாஜனையும் வெட்டுகிறது. கூடிப்போனால் இறைச்சி மாவாகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆய்வுகூடத்திலும் இதே கைவேலைதான். தட்டில் ஒட்டி வளரும் கலங்களைக் கழற்றத் திரிப்சின் என்ற நொதியத்தையும் கல்சியத்தைக் கவர்ந்துகொள்ளும் ஓர் உப்பையும் ஊற்றுவார்கள். கட்ஹெரின் விறைப்பாக நிற்கக் கல்சியம் வேண்டும். அது போனால் கை தொய்ந்துவிடும். பல்கலைக்கழகத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் இதை முதலில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓடு பாவியதுபோல் நெருங்கிக் கிடந்த கலங்களுக்கிடையில் முதலில் மயிரிழைக் கோடுகள் வெளுத்தன. பிறகு ஒவ்வொன்றும் ஓரத்தை உள்ளிழுத்து உருண்டு மணியானது. தட்டின் பக்கத்தில் விரலால் ஒரு சுண்டு, எல்லாம் மிதந்தன.

நல்லூர் வாசகி: சித்தப்பாவுக்கு வாயிலும் உடம்பிலும் கொப்புளங்கள். பெம்பிகஸ் என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், தொற்றுமா?

தொற்றாது, தங்கச்சி. பயமின்றிப் பக்கத்தில் இருங்கள். தோற்கலங்களை இணைக்கும் கைகளில் தெசுமோகிளீன் என்று ஒன்று உண்டு, கட்ஹெரின் குடும்பம்தான். கிருமிகளைத் தாக்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள், அவருடைய உடலில் அதையே பகையென்று எண்ணித் தாக்குகின்றன. பிடி விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. கொப்புளம் வற்றியதும் மருந்தைத் தானாக நிறுத்த மட்டும் விடாதீர்கள். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொன்னபடிதான்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: கொலாஜன் கிறீம் பூசினால் தோலுக்குள் போகுமா?

போகாது. தோலைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு அது. அந்தக் காசுக்குக் கொய்யாப்பழம் வாங்குங்கள். கொலாஜன் இழைகள் முறுக்குக் குலையாமல் நிற்க விற்றமின் சி வேண்டும். அது கிடைக்காமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த அந்தக்கால மாலுமிகளுக்கு, எப்போதோ ஆறிய தழும்புகூடத் திரும்பப் புண்ணாகப் பிளந்தது.