வக்கீலிடம் போக வசதியில்லாதவர்கள் ஏஐ சாட்பாட்டிடம் சட்டம் கேட்டுக்கொள்ளலாமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு பத்திரம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஆடி மாதம் என் மாமா ஒரு விடுதலைப் பத்திரத்தோடு, அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுக்கும் பத்திரத்தோடு, வந்தார். தாத்தாவின் பூர்வீக நிலம். அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. "உனக்கு 83லயே கல்யாணம் ஆயிடுச்சுக்கா, சட்டப்படி பங்கு வராது. இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். பங்கே வராது என்றால் கையெழுத்து எதற்கு என்று எனக்கு உறுத்தியது.

அன்று ராத்திரி போனில் சாட்பாட்டிடம் தமிழிலேயே கேட்டேன். 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்குத் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை என்று அழகான தமிழில் பதில் வந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி விடும்மா, போட்டுடறேன்" என்றார். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மனசு கேட்காமல் மறுநாள் தாலுகா கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அங்கிருந்த வக்கீலம்மா பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். தாத்தா எப்போது இறந்தார்? உயில் உண்டா? 2004 டிசம்பர் 20-க்கு முன் பாகப்பிரிவினை ஏதும் பதிவாகியிருக்கிறதா? 2011-ல் இறந்தார், உயிலும் இல்லை, பாகப்பிரிவினையும் இல்லை என்றோம். அப்புறம்தான் விளக்கினார். போன் சொன்னது பழைய தமிழ்நாட்டுத் திருத்தம். 2005-ல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டமே மாறி, மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை வந்துவிட்டது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்பது இனி தடையில்லை. அந்த மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட சாட்பாட் எங்களிடம் கேட்கவில்லை. என் வருத்தம் அதுதான்.

"கேட்கத் தெரியாமல் கேட்டிருப்பீர்கள்" என்று யாராவது எழுதுவார்கள். இருக்கலாம். கேட்கத் தெரிந்தவருக்கு ஏன் சாட்பாட் வேண்டும்? நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. விடுதலைப் பத்திரத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் என்ன வித்தியாசம் என்று அதுதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. அது இல்லையென்றால் வக்கீல் முன் உட்கார்ந்து பேசும் தைரியம் எங்களுக்கு வந்திருக்காது. ஆனால் தீர்ப்பைக் காட்டு என்று கேட்டபோது ஒரு ஹைகோர்ட் வழக்கை எண்ணோடு கொடுத்தது. வக்கீலம்மா தேடிப் பார்த்தார், அப்படி ஒரு வழக்கே இல்லை. 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத வழக்குகளை கோர்ட்டில் தாக்கல் செய்ததற்காக வக்கீல்களுக்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பழைய பத்திர நகலுக்காகப் பதிவு அலுவலகத்தில் அறுபது வயதைத் தாண்டிய என் அம்மா மூன்று மணி நேரம் நின்றார். உட்கார ஒரு பெஞ்ச் இல்லை, கழிப்பறை பூட்டிக் கிடந்தது. பெண்கள் சொத்து கேட்க வரக்கூடாது என்றே அந்த இடத்தைக் கட்டினார்களோ என்று அன்று தோன்றியது.

1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. சாட்பாட்டிடம் வார்த்தைகளுக்கு அர்த்தம் கேளுங்கள், எந்தெந்தக் காகிதம் எடுத்துப் போகணும் என்று கேளுங்கள். கையெழுத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால் முதலில் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்கள்.