கணக்கே எடுக்காமல் பி.சி.ஏ. சேர்ந்துவிட்டேன்!

கேள்வி: பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், கணக்கே கிடையாது. இப்போது பி.சி.ஏ. முதல் வருடம். மேத்ஸ் வகுப்பில் ஒன்றும் புரியவில்லை சார், எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பிளஸ் டூ புத்தகத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் இயற்கணிதம் (அல்ஜீப்ரா) என்ற பாடம் மட்டும் போதும். தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். நிறையப் பேர் கல்லூரியில் தடுமாறுவது மேட்ரிக்ஸோ கால்குலஸோ புரியாமல் அல்ல, அதற்குள் வரும் பின்னமும் மைனஸ் குறியும் காலை வாரிவிடுவதால்தான். இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுப்பதும், தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டுவதும் ஒன்று என நினைத்துவிடுவார்கள். 3-ஐயும் 4-ஐயும் வைத்துப் பாருங்கள், ஒன்று 49, இன்னொன்று 25. x, y என்று எழுத்தாக இருக்கும் கணக்கில் சந்தேகம் வந்தால் இப்படி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், விடை ஒத்துவராவிட்டால் எங்கோ தப்பு. அப்புறம் சமன்பாட்டில் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள் இல்லையா, உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை, இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம் அல்லது கழிக்கிறோம், அவ்வளவுதான். (அல்ஜீப்ரா என்ற பெயரே அப்படி வந்ததுதான்: கழிபட்டதை மீட்டு வைப்பதற்கு அரபியில் அல்-ஜப்ர்.)

தினம் முக்கால் மணி நேரம், பேனாவும் தாளுமாக. வீடியோ பார்த்துத் தலையாட்டுவது சரிப்படாது. முதலில் பின்னம், பிறகு காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு. இடையில் கால்குலேட்டர் வேண்டாமே!