அடைப்புக்குறிக்குள் ஒரு பாஸ்போர்ட்

கேள்வி: நான் சீர்காழி பக்கம் ஒரு கிராமத்துக்காரன். வயது 37, சென்னையில் வேலை. வருகிற மே மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பன்னிரண்டு நாள் இந்தோனேசியா போகிறேன். பாலி, போரோபுதூர், பிரம்பனன், புரோமோ எரிமலை, ஈஜென், கொமோடோ, முடிந்தால் தோபா ஏரி. எதை விடலாம், எதை விடக்கூடாது? இன்னொரு சிக்கல். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் தனியாக இருக்கும் அம்மா (62), டூர் விஷயம் தெரிந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்கு முழங்கால் வலி, எரிமலையெல்லாம் ஒத்துவராது. (இதில் போன மாதம் யாரிடமும் சொல்லாமல் தஞ்சாவூர் போய் பாஸ்போர்ட் வேறு எடுத்து வைத்திருக்கிறார்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.) வயலைக் குத்தகைக்கு விடுங்கள் என்றாலும் கேட்பதில்லை, பிடிவாதம். காசி டூருக்குப் பணம் கட்டி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். மனசு நோகாமல் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: தம்பி, ஏழு இடத்தின் பெயரை வரிசையாக எழுதிவிட்டு, பெற்ற தாய் பாஸ்போர்ட் எடுத்த விஷயத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அடைப்புக்குறிதான் முதலில் கண்ணில் பட்டது. மனசு நோகாமல் சொல்லும் வழி என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன்.

அந்த பாஸ்போர்ட் எப்படிக் கைக்கு வந்தது என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும். நெட் சென்டரில் காத்துக் கிடந்து, ஆதாரை நீட்டி, போனில் வந்த ஓடிபியை மூக்குக்கண்ணாடி போட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லியிருப்பார். கட்டணம் 1,500 ரூபாய், அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் கழிவு, ஆக 1,350. அப்புறம் குறித்த தேதியில் தஞ்சாவூர். சீர்காழியிலிருந்து மயிலாடுதுறை, அங்கே மாறி கும்பகோணம், அங்கே மாறி தஞ்சாவூர் என்றால் காலை நேரம் கிடைத்தவர் இருட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். சேவா கேந்திரத்தில் டோக்கன் நம்பர் வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டு, ஒரு கவுன்டர் முடிந்து அடுத்த கவுன்டர். நாற்று பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை லேசில் பதியாது, "நல்லா அழுத்துங்கம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பார்கள். பிறகு போலீஸ் விசாரணை. வீட்டு வாசலில் போலீஸ் நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும், அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்திருப்பார். இத்தனையும் செய்தது, எரிமலைக்கு ஒத்துவராது என்று நீங்கள் எழுதிய அதே முழங்கால்தான். வயலுக்குத் தினமும் போய்வருவதும் அதே முழங்கால்தான், அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குக் கொடுப்பார்கள். 72 வயது வரைக்கும் செல்லும் ஒரு புத்தகத்தை அந்த அம்மா சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறார். "என்னையும் கூட்டிக்கிட்டுப் போடா" என்று வாய்விட்டுக் கேட்டால் நீங்கள் முழங்காலைத்தான் சொல்வீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை, தன் பக்கத்து வேலையை முடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

காசிக்கு அனுப்புகிறாராம். அவர் காசி கேட்டாரா? காசிக்குப் போக பாஸ்போர்ட் எதற்கு? புருஷன் போய், வயதும் அறுபது தாண்டிவிட்டால் ஒரு பெண்ணுக்குச் சாமியைத் தவிர வேறு எதையும் பார்க்க ஆசை இருக்காது என்று பிள்ளைகள் எல்லோருமே எப்படியோ முடிவு கட்டிவிடுகிறார்கள், வாரம் ஒரு கடிதமாவது எனக்கு இப்படி வருகிறது. மாதாமாதம் பணம் அனுப்புகிறேனே என்பீர்கள். பால்காரருக்கும்தான் மாதாமாதம் கொடுக்கிறோம். பெற்றவளைக் கூட வைத்துக்கொண்டு நாலு இடம் போய்வருவது பிள்ளையின் கடமை, இதில் நான் பழைய ஆள்தான், மாற மாட்டேன். உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அது ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, அவரை முன்னால் நிறுத்தி நீங்கள் ஒளிந்துகொள்ளவில்லை.

சரி, இடங்களுக்கு வருவோம். உங்கள் திட்டமும் மோசம்தான். அது 17,000 தீவுக்கு மேல் உள்ள நாடு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி 5,000 கிலோமீட்டர். தோபா ஏரி வடக்கு சுமத்ராவில், கொமோடோ கிழக்கே புளோரஸ் பக்கம். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போய்வருவதுபோல இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் அடித்துவிடுங்கள். ஈஜெனில் நடு ராத்திரி மலையேறி, கந்தகப் புகைக்கு நடுவே நீலச் சுடர் பார்ப்பது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, அதையும் விடுங்கள். பிள்ளைகளுக்காக விடுங்கள், அம்மா முழங்காலின் மேல் பழி போடாதீர்கள். ஜாவாவும் பாலியும் போதும்.

ஜாவாவில் யோக்யகர்த்தாவில் தங்கினால் பிரம்பனனும் போரோபுதூரும் பக்கம். பிரம்பனன் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில், உயரம் 47 மீட்டர். நம் பெரிய கோயில் விமானம் இதைவிட உயரம், ஆனால் இது அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. வடக்குப் பக்க அறையில் துர்க்கை, நம் ஊர்க் கோஷ்டத்தில் இருக்கும் அதே திசை. மேற்கே பிள்ளையார். தெற்கே அகத்தியர். ஜாவாவில் ஒரே கோயிலுக்குள் அகத்தியரும் பிள்ளையாரும்! காக்கா உருவத்தில் வந்து கமண்டலத்தைக் கவிழ்த்த கதையை அங்கே எந்த வழிகாட்டியும் சொல்லப்போவதில்லை, உங்கள் அம்மா சொல்வார். காவிரி எப்படி வந்தது என்று சென்னையில் வளரும் உங்கள் பிள்ளைகள் அங்கே நின்று கேட்கட்டும். படிகள் செங்குத்து, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போரோபுதூரில் 504 புத்தர் சிலை, 2,672 சிற்பப் பலகை. மேலே ஏற தினமும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, முன்பதிவு வேண்டும், வழிகாட்டியோடுதான் விடுவார்கள். உச்சி வரை அம்மா ஏற வேண்டியதில்லை. கீழ்ச்சுற்றுச் சுவரிலேயே பாய்மரக் கப்பல் செதுக்கியிருக்கிறார்கள், அதைக் காட்டுங்கள். சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்தான் ராஜராஜன் காலத்தில் நம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டியவர், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜன் எழுதிக் கொடுத்தார். மகன் ராஜேந்திரன் 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படை அனுப்பினார், அது வேறு கதை.

புரோமோவில் விடியற்காலை மலைமுனை வரை ஜீப் போகும், சூரிய உதயத்தை அம்மா தாராளமாகப் பார்க்கலாம். எரிமலை வாய்க்கு ஏறும் 250 படி மட்டும் வேண்டாம். குளிரும், ஸ்வெட்டர், காலுறை எடுத்துப்போங்கள்.

பாலியில் கடற்கரையைக் குறைத்துக்கொண்டு ஜதிலுவிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல். அங்கே சுபாக் என்று ஒரு பாசன முறை, யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லோரும் ஒரு சங்கம். அவர்களுக்கென்று தண்ணீர்க் கோயில் உண்டு. மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் கூடி உட்கார்ந்து யார் எப்போது நடவு, யாருக்கு எப்போது தண்ணீர் என்று பேசி முடிப்பார்கள். நெல்லுக்கு தேவி ஸ்ரீ என்று ஒரு அம்மன், வயல் ஓரத்திலேயே சின்னக் கோயில். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்களா, கல்லணை தாண்டியதா, நம் வாய்க்காலுக்கு வருமா என்று ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த கடைமடைக்காரிக்கு இதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அவர் வரப்பில் இறங்கி அங்கே இருக்கும் ஆளிடம் நூறு கேள்வி கேட்பார், நீங்கள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். பயிரைப் பார்த்து "தழைச்சத்து போதலை" என்றாலும் ஆச்சரியமில்லை.

என் அம்மாவுக்கு மேட்டூர் அணையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணம். நான் கூட்டிப்போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. ராத்திரி நீங்கள் இருவரும் வெளியே போக, ஓட்டல் அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆச்சு என்று கணக்குப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். அதற்குக் காசியே மேல்.

இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் "அம்மா, பாஸ்போர்ட்டைக் கொடு, டிக்கெட் போடணும்" என்று கேளுங்கள். வேறு எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டாம். விசா அங்கே இறங்கிய பிறகு எடுக்கலாம், ஆளுக்கு 5 லட்சம் ரூபியா. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். அம்மாவுடையது புத்தம் புதுசு. உங்கள் நாலு பேருடையதையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள், பிள்ளைகளுக்கு ஐந்து வருஷத்துக்குத்தான் கொடுத்திருப்பார்கள்.